புதினா பிடித்த பல்கனி

டண்டினோங், மெல்பேர்ன்,
புதன் பின்னேரம்.

என் அன்புக்கும் பெருமைக்கும் உரிய மருமகள் வினுஷாவுக்கு, தாய்மாமன் விக்னராஜா ஆசியுடன் எழுதிக்கொள்வது. பிள்ளையார் கிருபையால் நானும் உன் பல்கனியும் உயிரோடு இருக்கிறோம். பரமட்டாவில் உன் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் அவ்வாறே நடப்பதாக நம்புகிறேன். நான் அனுப்பும் வொயிஸ் மெசேஜை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக உன் அம்மா சொன்னாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. ஆகையால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். ஆறுதலாக வாசி.

போகும்போது நீ என்ன சொன்னாய்? "மாமா, தண்ணி மட்டும் விடுங்கோ, வேற ஒண்டும் செய்யாதேங்கோ. ஷர்வின்ர அம்மா மலேசியாவில இருந்து வாறா. மல்லி, கறிவேப்பிலை எல்லாம் நானே வளக்கிறன் எண்டு வீடியோ கோலில சொல்லிப்போட்டன். அவ நேரில பாக்க வேணுமாம்." நீ சம்மதம், ஷர்வின் சம்மதம், மிச்சம் அந்தத் தாயின் சம்மதம் ஒன்றுதான் என்றால், அவை வெறும் பூச்சாடிகளா பிள்ளை? கலியாணத்துக்கு நட்ட பந்தல்கால் அல்லவா! தண்ணீர் மட்டும் விடுகிறவன் தோட்டக்காரன். நான் தாய்மாமன்.

முதலில் புதினா. அதை மட்டும் ஒரு சின்னச் சாடியில், மூலையில், வேண்டாதவர் வீட்டுப் பிள்ளையைப் போல் ஒதுக்கி வைத்திருந்தாய். பார்க்கப் பொறுக்காமல் எடுத்து, மல்லி நிற்கும் நீட்டுச் சாடியில் கொலுவிருத்தினேன். அடடா, என்ன வளர்த்தி! என் கைராசியை அந்தச் செடி அன்றே அறிந்துகொண்டது. சாடியை நிரப்பி, பக்கத்துச் சாடியில் நிற்கும் றம்பை இலைச் செடியின் காலைச் சுற்றி, கம்பி தாண்டிக் கீழ்வீட்டுக்காரியின் உடுப்புக் கொடிக்குக் கை நீட்டியது. விமானங்கள்கூட உன் பல்கனிக்கு மேலே கொஞ்சம் தாழ்ந்துதான் போகின்றன, பைலட்டுக்கு வாசம் பிடித்திருக்க வேண்டும். மல்லியும் சும்மா இருக்கவில்லை. புதினாவுக்குப் போட்டியாக நெடுநெடுவென்று உயர்ந்து வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டது. மெல்பேர்னில் எந்தத் தமிழன் வீட்டில் மல்லி பூக்கும்வரை விட்டு வைத்திருக்கிறார்கள்? குளிர் தொடங்கியதும் கறிவேப்பிலையை உள்ளே எடுத்து, ஹீட்டருக்கு முன்னால் கதிரையில் இருத்தி, என் கம்பளி மஃப்ளரையும் சுற்றிவிட்டேன். சூடு கண்டதும் அது இலை முழுவதையும் கழற்றிப் போட்டுவிட்டது. அதில் ஆச்சரியம் இல்லை, வீட்டுக்குள் நானும் அப்படித்தான்.

இன்று காலை மணி அடித்தது. ஷர்வினும் அவன் அம்மா கேத்ரினும் ஒரு கிழமை முந்தி வந்து நிற்கிறார்கள்!

"வாங்கோ சம்மந்தி!" என்றேன்.

"அங்கிள், நாட் யெட், ப்ளீஸ்," என்றான் ஷர்வின்.

அவ கதிரையில் இருக்கவும் இல்லை, நேரே பல்கனிக்குப் போய்விட்டா.

"அண்ணே, இது என்னா, ஒரே புதினாக் காடா இருக்கு லா!"

"ஓம், ஓம். எங்கட யாழ்ப்பாணக் கைராசி."

"கொத்தமல்லி எங்க?"

"அந்தா நிக்கிறா, பெரியபிள்ளையாகிட்டா. பூவைப் பாருங்கோவன்."

"கறிவேப்பிலை?"

கதிரையைக் காட்டினேன். மஃப்ளர் போட்ட குச்சியை அவ சுற்றிவந்து பார்த்தா.

"இதெல்லாம் பண்ணது யாரு?"

உன் பேரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை பெரிய சாதனையை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "சாடியும் மண்ணும் வச்சது பிள்ளை. மிச்சம் முழுக்க நான்!" என்றேன். ஷர்வின் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பிறகு நடந்ததைக் கேள். அந்த மனுசி சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் குந்தி, புதினா வேரைத் தேர் வடம் இழுப்பதுபோல் இழுத்து எடுத்தா. அப்படி ஒரு பலம்! அப்படி ஒரு லாவகம்! மல்லியின் பச்சைக் காயைக் கிள்ளி என் வாயில் போட்டா. அறுபது வருடமாக ரசம் குடிக்கிறேன், அந்த ருசியை இன்றுதான் கண்டேன். சாடியைக் கவிழ்த்து அடி பார்த்தா, மண்ணை மணந்து பார்த்தா.

"பொண்ணு ஓட்டையெல்லாம் சரியா போட்டிருக்கு. அடியில சரளைக்கல்லு. மண்ணு பாருங்க, கேக் மாதிரி. அண்ணே இவ்ளோ அட்டகாசம் பண்ணியும் சாகலன்னா, வச்ச கை லேசுப்பட்ட கை இல்ல."

கடைசியாகக் கறிவேப்பிலைக் குச்சியை நகத்தால் சுரண்டினா. உள்ளே பச்சைக் கோடு!

"உயிரு இருக்குடா ஷர்வின். இந்தப் பொண்ண விட்டுடாத."

சம்மதம் கிடைத்தது. யாரால்? நான் வெறும் தண்ணீர் விட்டிருந்தால் நாலு பச்சைச் செடியைப் பார்த்துத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருப்பா. உன் திறமை வெளியே வரவேண்டுமென்றால் யாராவது ஒருவர் அதைச் சோதிக்க வேண்டாமா? எப்படிப்பட்ட மாமி கிடைத்திருக்கிறா உனக்கு! ராணி! ஒரு குறையும் சொல்ல முடியாது.

த பேசின் கோயில் பிள்ளையாரும் சம்மந்தி கும்பிடும் மாதாவும் ஒற்றுமையாக நின்று உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
கைராசிக்கார மாமா,
விக்னராஜா

பி.கு.: கடிதத்தைப் படம் எடுக்கப் போனை எடுத்தேன், மத்தியானம் மகனோடு புறப்பட்டுப் போன சம்மந்தி இரண்டு சூட்கேஸுடன் திரும்பி வந்துவிட்டா. கறிவேப்பிலை துளிர்க்கும்வரை ஊருக்குப் போகமாட்டாவாம். எப்போது துளிர்க்கும் என்று கேட்டேன். செப்டெம்பராம். இப்போது மே மாதம். உன் அறையைக் கொடுத்திருக்கிறேன், குசினியையும் தன் வசதிக்கு மாற்றிவிட்டா. வாசல்கதவின் திறப்புக் கோர்வையும் அவவிடம்தான். ஆகவே நீ வீட்டுக்கு வரும்போது மணி அடித்துவிட்டு வெளியே நில். சப்பாத்தை முதலே கழற்றிவிடு, அவவுக்குப் பிடிக்காது.