தேனப்பன் கரடி ஊசி போட்டுக்கொண்ட காரணம்

ஒரு காட்டில் தேனப்பன் என்று ஒரு கரடி இருந்தார். கரடிக்கு எதற்கு 'இருந்தார்' என்று கேட்காதீர்கள். காதோரம் நரைத்தவர். கரடியானாலும் மரியாதை மரியாதைதான்.

அவர் மனைவி பெயர் அலமேலு. பிள்ளைகள் வளர்ந்து வெவ்வேறு மலைகளுக்குப் போய்விட்டதால், குகையில் இவர்கள் இருவர் மட்டும்தான்.

அந்தக் காட்டில் புங்க மரத்தடியில் ஓர் ஆரம்ப சுகாதாரப் புதர் உண்டு. அங்கே நர்ஸாக இருந்தது ரெஜினா என்ற முள்ளம்பன்றி. ஒரு நாள் காலையில் ரெஜினா சிஸ்டர் பாறை மேல் ஏறி நின்று சத்தமாகச் சொன்னார்.

"அக்கிக்குத் தடுப்பூசி வந்திருக்கு! சின்ன வயசுல சின்னம்மை போட்டிருந்தா, அந்தக் கிருமி உங்க நரம்புக்குள்ளயே தூங்கிட்டு இருக்கும். வயசான காலத்துல எந்திரிச்சு அக்கியா வரும். அதனால வயசானவங்க எல்லாரும் வந்து போட்டுக்கங்க."

அலமேலு கணவரைப் பார்த்தாள். "ஏங்க, உங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுச்சுன்னு அத்தை சொல்வாங்களே?"

"போட்டுச்சு. மூக்குல தழும்புகூட இருக்கு."

"எனக்கும் போட்டிருக்கு. அப்ப போகலாமா?"

சிஸ்டர் சொன்ன அத்தனை சொற்களில் 'வயசானவங்க' என்ற ஒன்றுதான் தேனப்பன் காதில் விழுந்திருந்தது. புதருக்கு முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். பல் போன ஓநாய், கண் மங்கிய ஆந்தை, கூன் விழுந்த குரங்கு. 'நான் போய் இவர்களுக்குப் பின்னால் நிற்பதா?' என்று நினைத்துக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் யோசிக்க ஆரம்பித்தார். தேன் எடுக்கப் போய் நூற்றுக்கணக்கான தேனீக்களிடம் கொட்டு வாங்கியவர்தான். அப்போதெல்லாம் ஒரு நொடி யோசித்ததில்லை. இப்போது ஒரே ஒரு ஊசிக்கு மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார், பாறையில் படுத்து யோசித்தார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் யோசனைக்கு இடைவேளை விட்டார்.

ஒரு நாள் சந்தேகம் கேட்க சிஸ்டரிடமே போனார்.

"சிஸ்டர், தப்பா நினைக்கக் கூடாது. அந்த ஊசியை நீங்க எங்கிருந்து எடுக்கறீங்க?"

சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. "ஐயா, என் முதுகுல இருக்கிறது என் சொந்த உபயோகத்துக்கு. ஊசி பாக்கெட்ல வருது."

"ஓ. அப்ப சரி."

"போட்டுக்கறீங்களா?"

"இல்லை, இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அது என்ன சந்தேகம் என்று அவருக்கே தெரியாது.

அதைக் கைபேசியில் தேடினார். 'காட்டுச் சொந்தங்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் யாரோ, யாரோ அனுப்பியதாக, ஒரு செய்தியை அனுப்பியிருந்தார்கள். இந்த ஊசி போட்டுக்கொண்டால் வால் உதிர்ந்துவிடுமாம்.

"பாத்தியா அலமு? நல்லவேளை, நான் அவசரப்படல" என்றார் தேனப்பன்.

அலமேலு எட்டி அவர் பின்பக்கத்தைப் பார்த்தாள். கரடிக்கு வால் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். "உதிர்ந்தா தேடிக் கண்டுபிடிக்கறதுகூடக் கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

தேனப்பனுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். மருதமுத்து என்ற காட்டுப்பன்றி. அவரும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. "நீங்க போட்டுக்கிட்டா நானும் போட்டுக்கறேண்ணே" என்று அவர் சொல்ல, "நீ போட்டுக்கோ, நான் பின்னாலயே வர்றேன்" என்று இவர் சொல்ல, இருவரும் நிம்மதியாகக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது மருதமுத்துவுக்கு அக்கி வந்தது.

வலது விலாவில் பட்டையாகக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. சேற்றில் புரள முடியவில்லை. படுக்க முடியவில்லை. காற்றில் ஒரு இலை பறந்து வந்து மேலே பட்டால்கூட அலறினார். சுகாதாரப் புதருக்குப் போவதற்கு முன், வழக்கப்படி குளவியிடம் போய் அக்கி எழுதிக்கொண்டார். மண்ணைக் குழைத்து வீடு கட்டும் குளவிதான் அந்தக் காட்டில் அக்கி எழுதும். செம்மண்ணைக் கரைத்து, அவர் விலாவில் பிடரியும் வாலுமாக ஒரு சிங்கத்தையே வரைந்துவிட்டது. படம் அத்தனை தத்ரூபம். ஆற்றங்கரையில் மருதமுத்து திரும்பி நின்றால் மான்கள் எல்லாம் தெறித்து ஓடின. வலி மட்டும் ஓடவில்லை.

பிறகு சிஸ்டர் கொடுத்த மாத்திரையில் கொப்புளங்கள் காய்ந்தன. எரிச்சல் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. நெருப்புக் கம்பியை விலாவுக்குள் விட்டு இழுப்பது போல் இருக்கிறது என்றார். பாறையைப் பெயர்த்துப் போடுகிற பன்றி, மூங்கில் புதரோரம் நின்றுகொண்டே அழுதார்.

"அண்ணே, என்னைப் பாத்தாவது போய்ப் போட்டுக்கங்க" என்றார்.

தேனப்பனுக்கும் கண் கலங்கிவிட்டது. வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குகைக்கு வந்தார்.

"மருதமுத்துவைப் பாத்துட்டு வர்றேன், அலமு. பாவம், சகிக்க முடியல."

"அப்ப நாளைக்குப் போகலாமா?"

பழைய காலத்துக் கதையாக இருந்தால் கரடி இந்த இடத்தில் திருந்தியிருக்கும். நம் தேனப்பன் தாடையைச் சொறிந்தார்.

"போகலாம். இன்னும் கொஞ்சம் யோசிச்சுட்டு..."

மறுநாள் காலையில் அலமேலு தனியாகப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் அவளுக்குக் கை வலித்தது. லேசாகக் காய்ச்சலும் அடித்தது. "ஒண்ணு ரெண்டு நாள் அப்படித்தான் இருக்குமாம். சிஸ்டர் ஓய்வெடுக்கச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, குகையின் நல்ல மூலையில் இலைகளைப் பரப்பிப் படுத்துக்கொண்டாள். அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் அலமேலு படுத்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப சாப்பாடு?" என்றார் தேனப்பன்.

"புற்றுக்குப் போய்க் கறையான் எடுத்துட்டு வந்து வறுங்க. எனக்குக் கஞ்சி போதும்."

புற்று எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டுப் போனார். கறையான் வறுவல் தீய்ந்தது, கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது. அதற்குள் அலமேலுவை நலம் விசாரிக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். மிளா வந்தது, மந்தி வந்தது, மரநாய் வந்தது. சுற்றி உட்கார்ந்து, கால் பிடித்துவிட்டு, சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள். எல்லோருக்கும் இலுப்பைப்பூ பானகம் கரைத்துக் கொடுத்தது தேனப்பன். பாத்திரங்களை ஓடைக்குச் சுமந்துபோய்த் தேய்த்ததும் தேனப்பன்தான்.

மறுநாள் காலையில் கரி பிடித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அத்தனை மாதங்களாக வராத தெளிவு அவருக்கு வந்தது. ஊசி போட்டுக்கொண்டால் படுக்கலாம். படுத்தால் கஞ்சி படுக்கை தேடி வரும். கால் பிடித்துவிடவும் ஆள் வரும்.

சட்டியைப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் புதருக்குப் போனார். பல் போன ஓநாய்க்குப் பின்னால் நின்று, முறை வந்ததும் தோளை நீட்டினார்.

"வாங்கய்யா. கடைசியில மனசு மாறிட்டீங்களா?" என்றார் சிஸ்டர்.

"உடம்புதானே சிஸ்டர் முக்கியம்" என்றார் தேனப்பன், முகத்தை மாற்றிக்கொள்ளாமல்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டார். காய்ச்சலுக்காகக் காத்திருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தோளை அமுக்கிப் பார்த்தார். சாயங்காலம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் அலமேலு குணமாகி எழுந்துவிட்டிருந்தாள்.

"என்னங்க, வலிக்குதா?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அலமேலுவிடம் பொய் சொல்லி அவர் ஜெயித்ததே இல்லை.

"வலிக்கவே மாட்டேங்குது, அலமு" என்றார், அழுகிற குரலில்.

"நல்லதாப் போச்சு. ஓடைக்கரையில ஒரு சட்டி பாதி தேய்ச்சபடி கிடக்காம். மந்தி சொன்னா."

எழுந்து போனார். ஆனால் நம்பிக்கையை விடவில்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொரு தவணை ஊசி இருக்கிறது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அந்த நாள் வந்ததும் பொழுது விடியும் முன்பே புதர் வாசலில் போய் நின்றார். நின்ற இடத்தில் சும்மா இருக்காமல், வந்த ஆண்களிடமெல்லாம் தன் ஆராய்ச்சி முடிவைக் காதோடு சொன்னார். அடுத்த வாரமே வரிசை ஆற்றங்கரை வரை நீண்டது. தன்னுடைய விழிப்புணர்வுப் பேச்சுக்குக் கிடைத்த வெற்றி இது என்று ரெஜினா சிஸ்டர் மேலிடத்துக்குத் தகவல் அனுப்பினார்.

இரண்டாவது ஊசி தேனப்பனை ஏமாற்றவில்லை. கை தூக்க முடியாத வலி, பல் கிடுகிடுக்கும் குளிர். அலமேலு சூடாகக் கஞ்சி கொண்டுவந்து, கரண்டியால் ஊட்டிவிட்டாள்.

"ரொம்பப் படுத்துதாங்க?"

"ஆ... ஆ... அருமையா இருக்கு, அலமு" என்றார் தேனப்பன், நடுங்கிக்கொண்டே.

நீதி: ஊசி போட்டுக்கொள்ள அறிவோ அனுபவமோ தேவையில்லை, பாத்திரம் தேய்க்கும் முறை தன்னுடையதாக இருந்தால் போதும்.