மூன்று முறை நீட்டப்பட்ட ராணி

உலகம் முழுவதும் சதுரங்க ராணியின் விலை ஒன்பது சிப்பாய்கள். பெர்லினிலும் அதுதான், பியூனஸ் அயர்ஸிலும் அதுதான், பேரம் கிடையாது. அந்த ஒன்பதையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, ராணியைச் சும்மாவே தூக்கிக் கொடுக்கும் பெருந்தன்மை மினசோட்டா மாநிலத்துத் துலூத் நகரில் வெர்லின் சன்ட்பி ஒருவருக்குத்தான் வாய்த்தது. முப்பது வருடக் கம்பள வியாபாரத்தில் ஒரு டாலர்கூடத் தள்ளுபடி தராத மகான் அவர்.

ஞானம் ஒரு காணொளி வழியாக வந்தது. நீளம் பதினொரு நிமிடம். ராணியை மறைத்து நிற்கும் குதிரையை எடுத்து நடுச் சிப்பாயை வெட்ட வேண்டும். ராணி வெட்டவெளியில் நிற்பாள். எதிராளி ஆசைப்பட்டு அவளை வெட்டினால், மந்திரியால் ஒரு செக், இன்னொரு குதிரையால் ஒரு தாவல், ராஜா காலி. வெர்லின் அதை மூன்று நாள் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, தேவாலய அடித்தளத்தில் கூடிய சதுரங்கக் கழகத்தின் அவசரக் கூட்டத்தில் கேப்டன் என்ற முறையில் எழுந்தார்.

"சுப்பீரியர்காரங்களோட மேட்ச்ல இந்தத் தடவ முதல் பலகையில நான் ஆடறேன். மேவிஸ் வெளிய உட்காரட்டும்."

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் சுப்பீரியர். வருடா வருடம் ஊருக்கு நாலு பேராக நாலு பலகைப் போட்டி; முதல் பலகை ஊரின் சிறந்த ஆட்டக்காரருக்கு. ஜெயித்த ஊருக்குப் பாடம் செய்த மீன் ஒன்று பரிசு. ஆறு வருடமாக அது துலூத் அலமாரியில்தான் இருந்தது. மீனுக்குக் கீழே பித்தளைத் தகடு. அதில் முதல் பலகையில் வென்றவர் பெயர். ஆறு வரியிலும் மேவிஸ் கின்னுனென். ஏழாவது வரி காலியாக இருந்தது. வெர்லின் அதைப் பார்க்கும் பார்வை தனி.

"மேவிஸ் தோத்ததே இல்லையேப்பா," என்றார் பொருளாளர்.

"அதான் பிரச்சினையே. சும்மா ஜெயிச்சுக்கிட்டே இருக்கா. அதுல தியாகம் எங்க இருக்கு?"

தீர்மானம் நிறைவேறியது. மேவிஸுக்கு 'வியூக இருப்பு மற்றும் சிற்றுண்டி' என்ற உயர் பொறுப்பு வழங்கப்பட்டது.

"ம்... இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு," என்றாள் மேவிஸ். மற்ற ஊர்களில் நாற்காலியைத் தூக்கி எறிவார்களே, அதற்கு இந்த ஊரில் இந்தச் சொல். பிறகு கேட்டாள்: "அவன் ராணிய எடுக்கலேன்னா?"

"ஓசியில வந்தா எவன் விடுவான்?"

"வெர்லின், நம்ம பக்கத்துல முதல் தடவ நீட்டினத எவன் எடுத்திருக்கான்? என் எலுமிச்சைக் கேக்க நீயே ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லிட்டு மூணாவது தடவதானே எடுப்ப?"

"கேக் வேற, வியூகம் வேற."

போட்டி நாளன்று எதிரே உட்கார்ந்தவர் எல்ராய் ட்வைட். பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மேவிஸ் தட்டை நீட்டினாள்.

"ஐயோ வேண்டாம்மா, இப்பதான் சாப்பிட்டேன்."

"ஒண்ணே ஒண்ணு."

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்."

"எடுக்கலேன்னா மிச்சமாயிடும்."

"அப்படின்னா சரி," என்று இரண்டாக எடுத்துக்கொண்டார்.

வெர்லின் இதைக் கவனிக்கவில்லை. மேதைகள் தட்டைக் கவனிப்பதில்லை.

ஐந்தாவது நகர்வில் வெர்லினின் குதிரை பாய்ந்தது. ராணி திறந்து நின்றாள். எல்ராய் அவளைப் பார்த்துச் சங்கடத்தில் நெளிந்தார். "சேச்சே, ராணியெல்லாம் எதுக்குங்க," என்று முணுமுணுத்து, அந்தக் குதிரையை மட்டும் வெட்டினார்.

காணொளியில் இப்படி ஒரு பண்பாளர் வரவில்லை. ஆனாலும் மனப்பாடம் மனப்பாடம்தான். வெர்லின் மந்திரியால் செக் வைத்தார். ராணி அங்கேயே நின்றாள்.

"நிஜமாவே வேண்டாங்க." ராஜாவே நேரில் வந்து மந்திரியை வெட்டினார்.

வெர்லின் இரண்டாவது குதிரையைத் தாவவிட்டு, எழுந்து நின்று கை நீட்டினார். "செக்மேட்!"

"எங்க?" எல்ராய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உதவும் எண்ணத்தோடு பலகை முழுக்கத் தேடினார். கிடைக்கவில்லை. ராணி இன்னும் நின்றாள். "இவ்வளவு தூரம் வற்புறுத்தறீங்க. இனியும் மறுத்தா மரியாதையா இருக்காது," என்று அவளை எடுத்து, மேவிஸின் கேக் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

காணொளி இந்த இடத்தோடு முடிந்திருந்தது. வெர்லினும் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

மற்ற மூன்று பலகைகளில் ஒன்று வெற்றி, ஒன்று தோல்வி, ஒன்று சமன். மீன் பாலம் தாண்டியது. கழகம் அன்றே கூடி, 'கேப்டனின் ஈடு இணையற்ற தியாகத்தை' ஏகமனதாகப் பாராட்டி, அவரது பதவியை நீட்டித்தது.

மேவிஸ் காலித் தட்டைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

"சுப்பீரியர்ல முதல் பலகைக்குக் கூப்பிடறாங்க. போலாம்னு இருக்கேன்."

"இருந்துடேன், மேவிஸ்."

"வேண்டாம் வெர்லின், பரவால்ல."

அவள் வாசலில் நின்று ஒரு கையுறையைப் போட்டாள். நிதானமாக மற்றதையும் போட்டாள். தொப்பியைச் சரிசெய்தாள். சரியாக இருந்த தொப்பியை இன்னொரு முறையும் சரிசெய்தாள்.

"சரி, பாலத்துல வழுக்கும், பாத்து ஓட்டு," என்றார் வெர்லின். பெண்களின் முடிவை மதிக்கும் நவீன மனிதர் அவர்.

தியாகத்தின் வரவு செலவு வருமாறு: ராணியை நீட்டியது மூன்று முறை. மேவிஸை இருக்கச் சொன்னது ஒரு முறை. பாக்கி இரண்டு.