ஜாடியில் தோல் கட்டவில்லை

எங்கள் அப்பா ரஷீத் அஹமது இனிமேல் டீ குடிப்பதில்லை என்று அறிவித்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்து, சோற்றில் கை வைப்பதற்கு முன்னால். அறிவிப்புகளை அவர் சாப்பாட்டுக்கு முன்னால்தான் செய்வார். பின்னால் என்றால் தூக்கம் வந்துவிடும்.

"டீயே வேணாம். இனிமே கொம்புச்சாதான்."

"இன்னாங்க பேரு இது, மாடு முட்டின மாதிரி?" என்றாள் அம்மி.

"புளிக்க வெச்ச டீ, ஜஹீரா. அதுக்குள்ள கோடிக் கணக்குல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க. போடற சக்கரையெல்லாம் அதுங்களே தின்னுடும். நமக்கு நல்லது மட்டும் மிச்சம்."

அம்மி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

விஷயம் சின்னதில்லை. வேலூர் டாக்டரம்மா கெடு வைத்திருந்தார். அவர் குரல் எனக்கு அச்சு அசலாக வரும், மூக்கால் பேசினால் போதும்: "மிஸ்டர் ரஷீத், மூணே வாரம். வெறும் வயித்துல சுகர் நூத்தைம்பதுக்குக் கீழ வரலைன்னா, இன்சுலின்." நான் பேசிக் காட்டும்போதெல்லாம் அப்பாவின் கை தானாக வயிற்றை மூடிக்கொள்ளும்.

ஊசி ஒரு பயம். கால் இன்னொரு பயம். அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் 'ஷாப்'பில் வேலை. தரை எந்நேரமும் ஈரம். கூட வேலை செய்த குர்ஷித் மாமாவுக்கும் சுகர், அவர் கால் புண் ஆறு மாதமாக ஆறவில்லை. அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் அம்மி வீட்டுச் சர்க்கரையைப் பீரோவில், நகைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள்.

இப்போது கொம்புச்சாவின் அழகைப் பாருங்கள். அதைச் செய்யச் சர்க்கரை வேண்டும். லிட்டருக்கு அரை டம்ளர்.

"எனக்கில்ல ஜஹீரா," என்றார் அப்பா, பள்ளிவாசலில் ஏழைகளுக்கு வசூல் செய்கிறவர் குரலில். "அந்த உயிருங்களுக்கு."

அம்மி அவர் சோற்றில் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பிறகு "சரி" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. அப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் வரவில்லை.

பக்கத்து வீட்டு பிரிசில்லா ஆன்ட்டிக்கு வேலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. உறை ஊற்ற ஒரு பாட்டில் கொம்புச்சாவை அவர்தான் வாங்கி வந்தார். ஊறுகாய் ஜாடியில் டீயோடு அதை ஊற்றி, மேலே துணி கட்டினார் அப்பா. அம்மி ஒரு டப்பா நிறையச் சர்க்கரை தந்து, "இது உங்க உயிருங்களுக்கு" என்றாள்.

அப்பா ஐந்து மணிக்கு வீடு வருவார். ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அம்மி வர ஆறரை ஆகும். நடுவில் ஒன்றரை மணி நேரம் அப்பாவின் ராஜ்ஜியம். தினமும் டீ கொதிக்கும், டப்பா திறக்கும். ஜாடிக்கு ஒரு கரண்டி. அப்பாவுக்கு இரண்டு டம்ளர், எலுமிச்சை பிழிந்து.

நாலாம் நாள் பின்னால் போய் நின்று, அம்மி குரலில் கேட்டேன். "ஏங்க! உயிருங்களுக்குத் தாகம் ஜாஸ்தியோ?"

டம்ளர் எகிறியது. திரும்பிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"இஃப்ரா! அப்பன் உயிர் போயிருக்கும்டீ!"

"போற உயிர் எது? ஜாடில இருக்கறதா, இதா?"

"அம்மிகிட்ட சொல்லாத. ரெண்டே ரெண்டு டம்ளர்தான். நாள் பூரா ஈரத்துல நிக்கறேன்மா. இந்த இனிப்புதான் என்னை மறுநாள் திரும்ப அனுப்புது."

அதற்குமேல் கிண்டல் வரவில்லை எனக்கு. சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் ஊசிக்குப் பயப்படுவது தெரியும். ஊசியை அவரே வரவழைப்பதும் தெரியும். இரண்டும் தெரிந்துகொண்டு சும்மா இருப்பது, குரல் மாற்றிப் பேசுவதைவிடக் கஷ்டமான வேலை.

இரண்டு வாரமானது. நல்ல கொம்புச்சாவில் மேலே வெள்ளையாக ஒரு தோல் கட்ட வேண்டும். எங்கள் ஜாடியில் தோலும் கட்டவில்லை, ஈ கூட மொய்க்கவில்லை.

"நாளைக்குத் துணியை அவுத்துப் பாக்கறேன்" என்றாள் அம்மி.

உயிர்களின் பங்கை எல்லாம் தானே குடித்ததால்தான் கட்டவில்லை என்று அப்பாவின் கணக்கு. வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்திருப்பார்கள். அப்பா தோல் ஷாப்காரர். மறுநாள் வேலையிலிருந்து மெல்லிய வெள்ளைத் தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார், வட்டமாக நறுக்கினார், ஜாடியில் மிதக்கவிட்டார்.

ஊரில் எந்தப் பெண்ணையும் அதில் ஏமாற்றியிருக்கலாம். எட்டு மணி நேரமும் தோலையே தடவிப் பார்க்கிற பெண்ணை ஏமாற்ற முடியுமா?

அம்மி இரண்டு விரலால் தூக்கினாள். சொட்டவிட்டாள். வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினாள்.

"ஆட்டுத் தோல். லைனிங் ரகம். ஓரத்துல கத்தி வெட்டு. இதை 'ஏ' கிரேடுன்னு பாஸ் பண்ணது யாருங்க?"

அப்பா கூரையைப் பார்த்தார்.

"ரிஜெக்ட்," என்றாள். "ஜாடியைக் கழுவிட்டு மறுபடி போடுங்க."

அவ்வளவுதான். ஏன், எதற்கு, ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மி கேள்வி கேட்காத நாள்தான் பயங்கரமான நாள்.

கெடு முடிந்து மூவரும் வேலூர் போனோம். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பார்த்தார். நூற்று முப்பத்தெட்டு. "எக்ஸலண்ட், மிஸ்டர் ரஷீத். இன்சுலின் இப்போதைக்கு வேண்டாம்."

திரும்பும் பஸ்ஸில் அப்பா அந்த ரிப்போர்ட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர் முகம் ஜெயித்தவர் முகமாக இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கொட்டிவிட்டார்.

"ஜஹீரா, மூணு வாரமா நான் உன்னை ஏமாத்திட்டேன். தினம் ரெண்டு டம்ளர், சக்கரை போட்டு. இருந்தும் சுகர் இறங்கிடுச்சு. அல்லா என்னை மன்னிச்சுட்டான் போல. நீயும் மன்னிச்சுடு."

"சக்கரையா? அந்த டப்பால ஒரு நாளாவது ஒரு எறும்பைப் பாத்தீங்களா?"

அப்பா யோசித்தார். நானும் யோசித்தேன்.

"சுகர்காரங்களுக்குன்னு விக்கற இனிப்புத் தூள்ங்க அது. உங்க பாட்டில் வந்த அதே பையிலதான் பிரிசில்லா கொண்டாந்தா. உயிருங்க பட்டினி கிடந்தா எப்படித் தோல் கட்டும்? 'குடிக்காதீங்க'ன்னா வெளிய கடைல குடிப்பீங்க. திருடிக் குடிச்சா வீட்டோட இருப்பீங்கன்னு விட்டேன்."

அப்பா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். திருட்டுக் கொடுத்தவர் முகம். திருடியதே திருட்டுப் போனால் எப்படி இருக்குமோ அப்படி.

"அப்ப மூணு வாரமா நான் சக்கரையே..."

"தொடல."

அம்மி உள்ளே போய் ஒரு டம்ளர் டீயோடு வந்தாள். அப்பா ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்பி, தலையை ஆட்டிச் சிரித்தார். இனி ஏமாறப் போவதில்லை என்கிற சிரிப்பு.

"போதும் ஜஹீரா, கண்டுபிடிச்சுட்டேன். அந்தத் தூள்தான இது? சப்புன்னு இருக்கு. நிஜ சக்கரை ருசி எனக்குத் தெரியாதா?"

அம்மி டம்ளரை வாங்கி, மிச்சத்தை நிதானமாகத் தானே குடித்து முடித்தாள்.

"நல்ல ரிசல்ட்டாச்சேன்னு இன்னைக்கு மட்டும் பீரோவைத் திறந்து அரை ஸ்பூன் நிஜ சக்கரை போட்டேன். பிடிக்கலைன்னா விடுங்க."