எட்டுக்குப் பயந்து பத்தில் விழுந்தேன்

எனக்கு எட்டாம் எண் ஆகாது. படித்தவன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். எங்கள் வம்சத்தில் முதலில் படித்தவன் நான். மூடநம்பிக்கையைக்கூடக் கூட்டிப் பார்த்துத்தான் கடைப்பிடிப்பேன்.

எழுபதுகளில், பாலக்காட்டில் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தற்காலிக வேலை. அங்கே பீரோ அளவில் ஒரு மினி கம்ப்யூட்டர். (அதைத்தான் சின்னது என்றார்கள்.) தேயிலை உலர்த்தும் அடுப்பின் சூட்டை அது அச்சடித்துக் காட்ட வேண்டும். எஸ்டேட் மேனேஜர்கள் முன்னால் ஒழுங்காக ஓடினால் நான் நிரந்தரம். தேவிகுளத்தில் அப்பா எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வுபெறும் மாதம் அது. வீட்டில் வேறு யாராவது அங்கே வேலைக்குப் பேர் பதியாவிட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் நிரந்தரமானால் எல்லோரையும் பாலக்காட்டுக்கே அழைத்துக்கொள்ளலாம். தங்கை செல்வி பத்தாவதை முடிக்கலாம்.

மெஷினின் நினைவறைகளுக்கு எண்கள் உண்டு. சூடு எங்கே பதிவாகிறது என்ற விலாசத்தை இருபத்தாறாம் அறையில் வைத்திருந்தேன். ஒரு வாரம் பிசகாமல் ஓடியது. மேனேஜர்கள் வரவிருந்த அன்று காலை சாமி கும்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்: இரண்டும் ஆறும் எட்டு! சனியின் எண். யாரிடமும் சொல்லாமல், முகப்புச் சுவிட்சுகளைத் தட்டி விலாசத்தைப் பத்தாம் அறைக்கு மாற்றினேன். ஒன்றும் பூஜ்யமும் ஒன்று, சூரியன். (என்ன ஒரு அறிவு!)

மேனேஜர்கள் வந்தார்கள். தொண்ணூறு என்று அச்சடிக்க வேண்டிய மெஷின் பூஜ்யம் என்றது. அடுத்து மூவாயிரம். அடுத்து பதினேழு.

“மூவாயிரம் டிகிரியா? தேயிலை காயாதுப்பா, பேக்டரியே சாம்பலாயிரும்!” என்றார் ஒரு மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழி தெரியாமல் நானும் சிரித்தேன்.

அவர்கள் போனதும், பக்கத்து நல்லேப்பிள்ளி ஊர்க்காரரான எங்கள் சூப்பர்வைசர் அச்சுத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, காலைல எதையாச்சும் தொட்டீங்களா?”

“இருபத்தாறைப் பத்துக்கு மாத்தினேன் சார்.”

“எதுக்குங்க?”

“கூட்டினா எட்டு வருது சார்.”

அவர் தாளைத் திருப்பிப் போட்டு ஒன்றிலிருந்து எண்களை எழுதினார்.

“இந்த மெஷினுக்கு எட்டுங்கற இலக்கமே கிடையாதுங்க. ஏழுக்கு அடுத்தது பத்து. அதோட பத்துதான் நம்ம எட்டு! அங்கிருந்து வரிசையா சில அறைகளுக்கு ஒரு கோணப்புத்தி உண்டுங்க. அதுல விலாசம் வெச்சா, பாக்கறப்பல்லாம் தானே ஒண்ணு கூட்டிக்கும். நீங்க ஒரு ஊட்டு விலாசம் குடுத்தீங்க. அது ஒவ்வொரு தடவையும் அடுத்த ஊட்டுக் கதவைத் தட்டியிருக்குது.”

நான் நிரந்தரமாகவில்லை. எஸ்டேட்டில் அப்போது கொழுந்து கிள்ளப் பெண்ணாள்தான் வேண்டும் என்றார்கள். செல்வி பேர் பதிந்தாள். புத்தகப் பையைத் துவைத்துக் காயவைத்தாள்; மறுநாள் அதில்தான் சோற்றுத் தூக்கு போனது. பிறகு வேறு ஊரில் எனக்கு நல்ல வேலை கிடைத்தது. அதற்குள் அவளுக்குப் பள்ளிக்கூட வயது போயிருந்தது. முப்பது வருஷம் கிள்ளினாள்.

இன்றைக்கும் அவள் வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தால் இட்லியைச் சத்தமாக எண்ணித்தான் வைப்பாள்.

“அஞ்சு, ஆறு, ஏழு, பத்து. போதும்லண்ணே?”

அவள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். செல்வியும் சிரிப்பாள். நான் தலை நிமிராமல் அந்த எட்டாவது இட்லியைத் தின்பேன்.