ரெண்டு வருஷமும் ஒரு சேவலும்

அவரைப் போல வாதாடுகிற டாக்டர் மலாக்காவுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'ரெண்டு வருஷம்' என்றால் காஜா பெராங் வட்டாரம் முழுக்கத் தெரியும்.

மெட்ராஸில் டாக்டருக்குப் படித்து, அங்கேயே அறுவைச் சிகிச்சையில் இரண்டு வருஷம் பயிற்சியும் பெற்று, இங்கே சுதந்திரம் வந்த கையோடு ஊர் திரும்பியவர். அதே பயிற்சியை மலாக்கா ஆஸ்பத்திரியில் தொடரப் போனால், வெளிநாட்டுப் பயிற்சி கணக்கில் வராது, முதலிலிருந்து ஆரம்பி என்றுவிட்டார்கள். முதல் வருஷத்துக்காரரின் வேலை, பெரிய டாக்டர் வெட்டும்போது வயிற்றைக் கொக்கியால் விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது.

நான் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். கம்போங் செட்டியில் ஒரே வீட்டில் இருவரும் வாடகைக்கு இருந்தோம். காலையில் பல் விளக்கும்போதே தொடங்கிவிடுவார்.

"ரெண்டு வருஷம்யா. எத்தனை குடல்வாலு எடுத்திருப்பேன். எல்லாத்தையும் திருப்பி உள்ள வச்சிட்டு வரச் சொல்றானுங்களா?"

கை சும்மா இருக்காது. என் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தார். சட்டை நைந்து போயிற்று, பொத்தான் போகவில்லை.

வீட்டுக்கார அம்மா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டிப் பெண்மணி. தமிழ் வராது, மலாய்தான். அவர் செல்லமாக வளர்த்த சேவலை ஒருநாள் நாய் கடித்துவிட்டது. நெஞ்சு கிழிந்து, தின்ற அரிசியெல்லாம் கொட்டியது. அந்த அம்மா அழுதுகொண்டு நின்றார். டாக்டர் ஊசியைக் கொதிக்க வைத்தார், சாப்பாட்டு மேசையைக் கழுவினார், இரண்டு கரண்டிகளை வளைத்து என்னிடம் நீட்டினார்.

"பிடிய்யா கொக்கிய. நீதான் முதல் வருஷம்."

அடுத்த வாரம் சேவல் கூவியது. 'டோக்டர் பண்டாய்', கெட்டிக்கார டாக்டர் என்று அந்த அம்மா தெங்கேரா தெரு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தச் சமயம் பார்த்துத் தலைமை அறுவை டாக்டர் இவரைக் கூப்பிட்டனுப்பினார். ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர். நம்மவர் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் கூடையோடு கிளம்பினார்.

"கோழிய எங்க கொண்டு போறீங்க?" என்றேன்.

"மெட்ராஸ் சர்டிபிகேட்ட நம்ப மாட்டேங்கிறான்லா. இத நம்பித்தானே ஆகணும்."

அவரை யாரென்றே தெரியாதவன் போலப் பத்தடி பின்னால் நடந்தேன்.

வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. இறகை விலக்கித் தையலை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நாளைக் காலை ஆபரேஷன் தியேட்டருக்கு வா. நீ வெட்டு, நான் கொக்கி பிடிக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலை நம்மவர் வாயே திறக்கவில்லை. தேநீர் அப்படியே ஆறிக் கிடந்தது. போனார், வெட்டினார், தைத்தார். நோயாளி பிழைத்தார். ஆஸ்பத்திரி ஒரு வருஷத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

"பாதிதான் குடுத்தான். மீதிய சேவலுக்குக் குடுத்திட்டான் போல," என்று மாதக்கணக்கில் புலம்பினார்.

பல வருஷம் கழித்து எனக்குப் பித்தப்பையில் கல். அப்போது அவர் பெரிய டாக்டர். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். பயத்தில் நான் என்னென்னவோ கேட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தைரியமே வந்தது.

அந்தத் தழும்பு இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால்தான் தெரிகிறது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு, குளிக்கும்போதெல்லாம் தேடுகிறேன்.