குக்கர் விசிலடிக்காத மாதம்

"இந்தத் தலையணை உறையை இவ்வளவு அழகா இஸ்திரி போட உங்களாலதான்க்கா முடியும்" என்று சூப்பர்வைசர் சொல்லி வாய் மூடவில்லை, இஸ்திரி அக்கா மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

ஆனந்தக் கண்ணீர் என்றுதான் மனுஷர் முதலில் நினைத்தார். உள்ளுக்குள் குளிர்ந்தே போனார். பாராட்டினால் மூளையில் டோபமைன் சுரக்கும், சுரந்தால் முகம் மலரும் என்று பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்களே!

அக்காவின் முகம் மலரவில்லை. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினாலு வருஷம் சார். ஒரு துணியைக் கருக்கியிருப்பேனா? என்னை ஏன் சார் அனுப்புறீங்க?"

"அனுப்புறேனா? யார் சொன்னா?"

"நீங்கதானே இப்ப பாராட்டினீங்க!"

தப்பு அவள்மேல் இல்லை. ஊரிலிருக்கும் பாதி ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் வந்து குவியும் அந்தச் சலவைக்கூடத்தில், இருபது வருஷமாக யாரையும் யாரும் பாராட்டியதில்லை. வேலையை விட்டுப் போகிற நாளன்று மட்டும் எல்லாரையும் நிற்கவைத்து, "இவரைப் போல உண்டா" என்று நாலு வார்த்தை பேசி, கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்து அனுப்புவார்கள். அதனால் அங்கே பாராட்டு காதில் விழுந்தால், அடுத்து வாசற்படிதான் என்று அர்த்தம்.

இது சூப்பர்வைசருக்குத் தெரியாததல்ல. அவரே அங்கே ஒன்பது வருஷம் வாஷிங் மெஷின் ஓட்டியவர்தான். பயிற்சி வகுப்புக்குப் போய் வந்த மயக்கத்தில் மறந்து தொலைத்துவிட்டார்.

வகுப்புக்குப் போனதற்கும் காரணம் இருந்தது. பதவி வந்த முதல் வாரத்திலேயே அவருக்கு 'குக்கர்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு துண்டு குறைந்தால் ஒரு விசில், ஒரு கறை மிஞ்சினால் இரண்டு, வேன் தாமதமானால் மூன்று. மூன்றாவது விசிலுக்கு ஆட்கள் அவரவர் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். புகார் மேல் புகார் போய், முதலாளியம்மா கூப்பிட்டு ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"மாசக் கடைசியில உங்க ஆளுங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேட்பேன். வேண்டாம்னாங்கன்னா நீங்க பழையபடி மெஷினுக்கே போயிடுங்க."

மெஷினுக்குப் போவதுகூடப் பரவாயில்லை. சூப்பர்வைசர் ஆகிவிட்டார் என்று அவர் மனைவி தன் அக்கா, தங்கை, அவர்கள் புகுந்த வீடு வரைக்கும் தம்பட்டம் அடித்து முடித்துவிட்டாள். இனி சகலை முகத்தில் எப்படி விழிப்பது? அந்தப் பயத்தில்தான் 'மூளையை அறிந்து தலைமை ஏற்போம்' என்ற இரண்டு நாள் வகுப்பில் சேர்ந்து, ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பெடுத்து வந்தார்.

சரி, அக்காவை மட்டும் பாராட்டியதால்தானே வம்பு? எல்லாரையும் பாராட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். மதியத்துக்குள் மடிப்பு மேசை, உலர்த்தி, மெஷின் என்று ஒரு சுற்று வந்து, பதினோரு பேரையும் வாயாரப் புகழ்ந்து தீர்த்தார்.

கேட்க வேண்டுமா? சலவைக்கூடத்தையே இழுத்து மூடப் போகிறார்கள் என்று செய்தி பரவிவிட்டது. எந்தக் கறையையும் எடுத்துவிடுவார் என்பதால் 'கறை டாக்டர்' என்று பெயரெடுத்தவர், அனுபவச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றார். இன்னொருத்தர் வேறு வேலைக்குப் போன் போடப் போனார். அந்தக் களேபரத்தில் ஒரு ஓட்டலின் குளியல் துண்டுகள் இன்னொரு ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தன.

திட்டு வாங்கிய வேன் டிரைவர் குதித்துக்கொண்டு வந்தார். "என்ன சார் நடக்குது இங்க? அந்த ஓட்டல்காரன் என்னைத் துவைச்சுக் காயப்போட்டுட்டான் சார்!"

குக்கருக்கு ஆவி ஏறியது. விசில் தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. நல்லவேளை, நோட்டின் நாலாம் பக்கம் ஞாபகம் வந்தது. கோபம் வந்தால் கண்ணை மூடி, ஆறு விநாடி மூச்சை இழுத்துவிட்டு, அப்புறம்தான் பேச வேண்டும். மேசையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். ஒன்று, இரண்டு, மூன்று...

"சார்? என்ன சார் ஆச்சு? யாராவது தண்ணி கொண்டாங்கப்பா!"

ஆறு முடிந்து கண் திறந்தபோது எதிரே நாலு பேர் தண்ணீரோடு நின்றார்கள். "ஒண்ணுமில்லை, இனிமே அப்பப்ப இப்படித்தான் இருக்கும். பழகிக்குங்க" என்று சாந்தமாகச் சொன்னார். டிரைவர் சண்டையை மறந்துவிட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தபடி போனார்.

மறுநாள், தனக்கே ஒரு நினைவூட்டலாக இருக்கட்டும் என்று மூளைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். கோபம் கிளம்பும் இடத்தைத் தேடிப் பிடித்து, சிவப்பு மையால் வட்டம் போட்டுவைத்தார். கணக்குச் சீட்டு கொடுக்க வந்த இஸ்திரி அக்கா படத்தைப் பார்த்தாள், வட்டத்தைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். சீட்டை மேசையில் வைத்துவிட்டு வேகவேகமாக வெளியே போனாள். பரவாயில்லையே, இவளுக்கும் அறிவியலில் ஆர்வம் இருக்கிறதே என்று அவர் மெச்சிக்கொண்டார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கஷ்டமான பாடம் இருந்தது. பட்ட அவமானத்தை மூளை லேசில் மறக்காது, தலைவன்தான் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். குக்கர் இறங்கிப் போனார்.

"டாக்டரே, அன்னைக்கு அந்த மேசை விரிப்புக்காக எல்லார் முன்னாடியும் உங்களைக் கண்டபடி பேசிட்டேன். மனசுல எதையும் வெச்சுக்காதீங்க."

கறை டாக்டர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்க சார். மனசைத் தளரவிடக் கூடாது. நாங்க இருக்கோம்ல?"

இத்தனை நல்ல மனிதர்களையா இவ்வளவு நாள் கரித்துக் கொட்டினோம் என்று குக்கர் உண்மையாகவே வெட்கப்பட்டார்.

அதற்கப்புறம் சலவைக்கூடம் தலைகீழாக மாறிப் போனது. காலையில் அவர் வருவதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது. துண்டு குறையவில்லை, கறை மிஞ்சவில்லை, வேன் நிமிஷம் தவறவில்லை. யாரும் யாரோடும் சத்தம் போடவில்லை. அவர் ஒரு மூட்டையில் கை வைத்தால் மூன்று பேர் ஓடிவந்து பிடுங்கினார்கள். மின்விசிறியை அவர் பக்கமாகவே திருப்பி வைத்தார்கள். இஸ்திரி அக்கா எழுந்து நின்று தன் நாற்காலியைக்கூடக் கொடுத்தாள்.

"எல்லாம் மூளைதான்" என்று வீட்டில் அளந்தார். "நான் மெதுவா பேசுறேன் இல்லையா, அதைப் பார்த்து அவங்க மூளையும் மெதுவா பேசச் சொல்லுது. அங்க டோபமைன் சும்மா ஆறா ஓடுது, தெரியுமா?"

"அடேங்கப்பா! இங்க சமையலறைக் குழாயும்தான் மூணு நாளா ஓடுது" என்றாள் மனைவி. "அந்த மூளையைக் கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டாங்க. வாஷர் மாத்தணும்."

மாதக் கடைசியும் வந்தது. முதலாளியம்மா ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். வெளியே குக்கர் ஆறு விநாடி மூச்சை அறுபது தடவை இழுத்துவிட்டார். கடைசியில் அவரையும் கூப்பிட்டு, என்றுமில்லாத அதிசயமாக, முதலில் உட்காரச் சொன்னார்.

"பதினோரு பேரும் சொல்லிவெச்ச மாதிரி ஒண்ணேதான் சொன்னாங்க. கடைசி வரைக்கும் இவர்தான் எங்களுக்கு சூப்பர்வைசரா இருக்கணுமாம்." முதலாளியம்மா நிரந்தர நியமனக் கடிதத்தை நீட்டினார். "எதுக்கும் கவலைப்படாதீங்க. எத்தனை நாள் லீவு வேணும்னாலும் எடுத்துக்குங்க."

குக்கருக்குக் கால் தரையில் பாவவில்லை. சகலையே, எங்கேயடா இருக்கிறாய்! கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். நோட்டுப் புத்தகத்தை உயர்த்திக் காட்டி, தன் வெற்றியின் ரகசியத்தை இவர்களுக்கும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று தொண்டையைச் செருமினார்.

அதற்குள் இஸ்திரி அக்கா முன்னால் வந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் வைத்தாள். பிரித்தால், கையால் பின்னிய கம்பளித் தொப்பி. நீல நிறத்தில், காது வரை மூடுகிற மாதிரி.

"என்னக்கா இது? கொளுத்துற வெயில்ல கம்பளித் தொப்பி எதுக்கு?"

அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். கறை டாக்டர் கூரையைப் பார்த்தார். கடைசியில் வேன் டிரைவர்தான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னார்:

"தலையில ஆபரேஷன்னா மொட்டை அடிச்சிடுவாங்களே சார், குளிராம இருக்கட்டும்னு நாங்கதான் பின்னச் சொன்னோம்... நூல் முதலாளியம்மா வாங்கிக் கொடுத்தது."