மோட்டார் மாற்றிய விபரமும் மருமகன் தப்பிய விபரமும்

பினாங்கு,
23-7-2603.

(ஜப்பான்காரர் கணக்குப்படி வருடத்தை இப்படித்தான் எழுதவேண்டுமாம். படுத்து எழும்புவதற்குள் நாம் எல்லோரும் அறுநூற்று அறுபது வயது மூத்துவிட்டோம்.)

பெருமதிப்புக்குரிய அத்தான் ஐயாத்துரை அவர்களுக்கு, மைத்துனன் விநாசித்தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் கமலாம்பிகையும் தங்கள் மகன் பரராசசிங்கமும் ஆண்டவன் அருளாலும் மரவள்ளிக்கிழங்கின் தயவாலும் சுகமாகவே இருக்கிறோம். தைப்பிங்கில் தாங்களும் என் அக்காவும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன். தபாலில் போட்டால் தங்களுக்கு முன் நாலு பேர் படிப்பார்கள். சூலியா தெருக் கோப்பிக்கடை கமாலுதீன் நானா நாளைக் காலையில் அந்தப் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பரராசா பத்திரமாக இருக்கிறான், நேற்றோடு ஆபத்து நீங்கிவிட்டது. என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுதப்போகிறேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டும்போது நடுப்பக்கங்களை விட்டுவிட்டு வாசிக்கவும்.

என்னுடைய மில்லிங் மெஷினைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். துறைமுகத்து எஞ்சினியர் ஒருவர் ஊரோடு போகும்போது விட்டுப்போனது, இரும்பையும் பித்தளையையும் சீவி வடிவம் எடுப்பது, தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரியது. பென்சன் எடுத்த நாள் முதல் அதில் ஒரு சின்ன நீராவி எஞ்சின் செய்துகொண்டிருக்கிறேன். கமலாம்பிகை வருகிறவர்களிடமெல்லாம், "நாலு வருசமாச் செய்யிறார், ஒரு சில்லுத்தான் முடிஞ்சிருக்கு" என்று சொல்கிறாள். இரண்டு சக்கரம் முடிந்துவிட்டது. அது போகட்டும். போன மாதம், வீட்டிலுள்ள இயந்திரங்களின் விபரம் தரவேண்டும் என்று ஒரு படிவம் வந்தது. தெருவில் வேறு யாரும் அதைத் தொடவில்லை, அடுத்த வீட்டுக்காரர் அதில் புகையிலை சுற்றினார். நானோ முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கிளார்க்கு, வெறும் படிவத்தைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மூன்று பிரதி எழுதினேன். 'இயக்குபவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பென்சன்காரன் வேறு தொழில் செய்யக்கூடாது என்பது விதி. பென்சன் நின்று ஒன்றரை வருடமாகிறது, விதி போட்ட வெள்ளைக்காரரும் கப்பலேறிப் போய்விட்டார்கள், ஆனாலும் விதியை ரத்துச் செய்ததாக எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லையே. ஆகையால் அந்தக் கட்டத்தில் பரராசாவின் பெயரை எழுதினேன். 'தேர்ச்சி' என்ற கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுதினேன். கையெழுத்து வைத்து, வெளியே போகவேண்டிய கடிதங்களுக்கென்று என் மேசைமேல் இருக்கும் தட்டில் வைத்துவிட்டு, கடமை முடிந்ததென்று மத்தியான நித்திரைக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் தெருவுக்குப் பொறுப்பான ராமதாஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். நிப்பொங்கோ என்கிற ஜப்பான் பாஷை படித்து, துரைமாருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவர் அவர்தான். "சார், அடுத்த வாரம் வியாழக்கிழமை ஜப்பான் தொரை வர்றாரு. எல்லா வீட்டுக்கும்தான் லா. இருக்கிறத ஒழுங்கா காட்டிடுங்க. பொய்யி கிய்யின்னு இருந்தா வீட்டுல இருக்கிற எளவட்டத்த சயாம் ரயில் போடத் தூக்கிடுவாங்க" என்றார். சொன்னவர் அன்றே மலேரியாவில் படுத்துவிட்டார், மேற்கொண்டு விசாரிக்க வழியில்லை. அத்தான், துரை என் படிவத்தைப் பார்த்துத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தங்கள் மகன் சுருக்கெழுத்து படித்தவன். அந்த மெஷினுக்கு முன்புறம் எது பின்புறம் எது என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்குத்தான் நான் 'மிக நன்று' போட்டிருக்கிறேன்! சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்கள் ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வந்ததில்லை. அக்காவின் ஒரே பிள்ளையை என் கையெழுத்தே கொண்டுபோகப் போகிறதா என்று நான் அன்று அழுதேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

ஆகவே அன்றே பாடம் தொடங்கினேன். பித்தளைத் துண்டைப் பூட்டி, சுவிட்சைப் போட்டு, "இப்போது கைப்பிடியைச் சுற்று" என்றேன். பரராசா சுற்றினான். அசையவில்லை. "பலமாகச் சுற்று" என்றேன். மெஷினின் வெட்டும் அலகைப் பிடித்து நிறுத்தும் பூட்டுத் திருகாணியைத் தளர்த்த நான் மறந்துபோனதை அவன் எப்படி அறிவான்? மெஷின் உறுமியது. கருகல் மணம் வந்தது. "கமலம், உன்ர ரொட்டி கருகுது!" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக் கத்தினேன். அவள் எனக்குப் பின்னாலிருந்து, "நான் இன்னும் அடுப்பே மூட்டேல்லையப்பா" என்றாள். திரும்பிப் பார்த்தால் மோட்டாரிலிருந்து புகை. வேலை செய்யாத மெஷினுக்கு, வேலை தெரியாத ஆள், வியாழக்கிழமைக்கு ஒன்பது நாள்.

மோட்டாருக்கு நான் அலைந்த அலைச்சலை எழுதினால் கமாலுதீன் நானா கடிதத்தைச் சுமக்கமாட்டார். கம்பி சுற்றித் தரும் சீனன் செப்புக் கம்பி கண்டு ஒரு வருடம் என்றான். மார்க்கெட் தெருவில் ஒருவன் மின்விசிறி மோட்டார் ஒன்றைத் தந்தான். அதைப் பூட்டினால் மெஷின் சுற்றவில்லை, காற்று நன்றாக வந்தது. கடைசியில் களைத்துப்போய்க் கமாலுதீன் நானா கடையில் சோளக் கோப்பி குடிக்க உட்கார்ந்தபோது, மூலையில் அவருடைய கோப்பி அரைக்கும் மெஷினைக் கண்டேன். சாக்குப் போட்டு மூடியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். நானா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "கொட்டையே இல்ல, எதை அரைக்கிறது? மோட்டார எடுத்துட்டுப் போங்க. புள்ள உசிரு பெருசு லா. ஆனா சண்ட முடிஞ்சி நல்ல கோப்பி வர்ற அன்னிக்கி, அது இங்க வந்து நிக்கணும்" என்றார். அவரே மோட்டாரைத் துடைத்து, தன் சைக்கிளில் வைத்துக் கட்டித் தந்தார். அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும்.

பழைய மோட்டார் குட்டை, இது நெட்டை. அடியில் கட்டை கொடுத்து, போதாததற்கு என்னுடைய அரசாங்கச் சுற்றறிக்கைத் தொகுப்பு இரண்டையும் வைத்து உயர்த்தினேன். மோட்டாரையும் மெஷினையும் பிணைக்கும் தோல்வார் உக்கி இற்றுப்போயிருந்தது, ஆகையால் பரராசாவின் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி வெட்டித் தைத்தேன். அழகாகச் சுற்றியது. ஆனால் ஒன்றையும் வெட்டவில்லை! பித்தளையைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றது. மூன்று நாள் நான் பித்தளையைக் குறைசொன்னேன், மின்சாரத்தைக் குறைசொன்னேன், சனியனைக் குறைசொன்னேன். நாலாம் நாள் கமலாம்பிகை தேங்காய்ப் பாதியும் கையுமாக வந்து நின்று பார்த்தாள். "உதின்ர பல்லு அங்கால பாக்குது, நீங்கள் இஞ்சால சுத்துறியள். உப்பிடித் திருவினால் தேங்காய்ப்பூ வருமோ?" என்றாள். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது! இரவல் பொருளைத் திறந்து வயரை மாற்ற எனக்குப் பயம். வாரைக் குறுக்கே முறுக்கிப் போட்டால் சரியாகிவிடும், ஆனால் நீளம் போதாது. என்னுடைய பெல்ட்டையும் கழற்றித் தைத்தேன். மெஷின் வெட்டத் தொடங்கியது. நாங்கள் இருவரும் களிசானைக் கையால் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினோம்.

மெஷின் இருந்த பின்கொட்டிலில் வெளிச்சம் போதாது, துரை பார்க்கமாட்டார் என்று மெஷினை முன்விறாந்தைக்கு இழுத்தோம். வழியில் மரவள்ளி நின்றது. "நாலு மாசத்துக் கிழங்கப்பா!" என்று கமலாம்பிகை கத்தினாள். பிள்ளையா கிழங்கா என்று கேட்டேன். அவள் தானே முதல் செடியைப் பிடுங்கினாள். நாற்பது செடி.

நேற்று துரை ஒரு சிப்பாயோடு வந்தார். ராமதாஸுக்கு இன்னும் காய்ச்சல், மொழி சொல்ல ஆளில்லை. துரை பின்தோட்ட வளவைப் பார்த்து நடந்தார். நான் குறுக்கே போய்க் குனிந்து வணங்கி, விறாந்தைக்கு வழிகாட்டினேன். ஒரு கையால் களிசான், மறு கையால் வழி. பரராசாவும் அவ்விதமே வணங்கினான். இடுப்பைப் பிடித்து வணங்குவது எங்கள் குல வழக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, துரையும் தலையை அசைத்தார். பரராசா சுவிட்சைப் போட்டு, கைப்பிடியைச் சுற்றினான். பித்தளைச் சீவல் சுருள்சுருளாக விழுந்தது. அத்தான், நான் நாலு வருடத்தில் சீவாத சீவல்! துரை நெடுநேரம் பார்த்தார், "ஹோ" என்றார். பிறகு வளவுக்குப் போய், பிடுங்கிக் கிடந்ததையெல்லாம் சுற்றிப் பார்த்தார், எதையோ எண்ணினார், பரராசாவைச் சுட்டிப் பெயர் கேட்டார், எழுதினார், சிவப்பு முத்திரை குத்தி ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். தேர்ந்த தொழிலாளி என்ற அத்தாட்சி அது. எழுத்துப் புரியாவிட்டாலும் முத்திரை புரிகிறது. முப்பத்திரண்டு வருடம் முத்திரை பார்த்தவன் நான். சுவாமிப் படத்துக்கு முன் வைத்திருக்கிறோம்.

ஆகவே தாங்கள் கவலையின்றி இருக்கலாம். படிவத்தை ஒழுங்காக நிரப்பி அனுப்பியதால் வந்த துன்பம், ஒழுங்காக மோட்டார் மாற்றியதால் நீங்கியது. பரராசா இனிப் பெரிய மெஷின்காரன். அக்காவுக்கு என் அன்பு. தங்கள் இருவருக்கும் பல்லுக்குப் பதமான சோறு ஒருவேளையாவது கிடைக்க முருகன் அருள்வானாக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
வே. விநாசித்தம்பி.

பி.கு.: மேலே எழுதியவற்றில் பரராசா பத்திரம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடவும். இன்று பின்னேரம் ராமதாஸ் காய்ச்சல் விட்டு எழும்பி வந்து அந்தத் தாளை வாசித்தார். மெஷினைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லையாம். துரை வந்தது வீட்டுக்கு வீடு மரவள்ளி எண்ண! 'இங்கே பயிர் அழிக்கப்பட்டிருக்கிறது. பிடுங்கிய நாற்பது தடியையும் ஐந்தைந்து துண்டாக்கி, பத்து நாளில் இருநூறு நடவேண்டும். பொறுப்பு: பரராசசிங்கம். அறுவடை முடியும்வரை இவனை வேறெந்த வேலைக்கும் கொண்டுபோகக்கூடாது.' ராமதாஸ் அதை இரண்டு தரம் வாசித்தார். "அதிர்ஷ்டம் சார் ஒங்க மருமவனுக்கு. இந்தத் தாளு தெருவுல ஒருத்தருக்கும் கெடைக்கல" என்றார். அப்படியானால் என் படிவம்? "எந்தப் படிவம்?" என்றார். கமலாம்பிகை என் மேசைத் தட்டைத் தூக்கி வந்தாள். மூன்று பிரதியும் அதிலேயே இருந்தன. "முப்பத்திரண்டு வருசம் நீங்கள் தட்டில வைச்சதைக் கொண்டுபோக ஒபிசில பியூன் இருந்தவன். இந்த வீட்டில ஆர் பியூன்?" என்று கேட்டாள்.  மூன்று பிரதியையும் வைத்து அவள் அடுப்பு மூட்டினாள், சோளக் கோப்பி வந்தது. தடிகளை மெஷினில் வைத்துத்தான் துண்டு போட்டோம், வெட்டு நேர்த்தி என்று அவளே ஒத்துக்கொண்டாள். பரராசா களிசானைக் கயிற்றால் கட்டிக்கொண்டு பின்னால் கொத்திக்கொண்டிருக்கிறான். இதை எழுதும்போதும் மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. கிழங்கு விளையப் பத்து மாதமாகும் அத்தான். அதுவரை அந்தச் சத்தம் இந்த வளவில்தான் கேட்கும்.